மருத்துவமனையும் மனையும்

மருத்துவமனை என்னும் சொல்லின் பின்பாதி வீடுதான். மனை என்பது இல்லத்தையும், இல்லம் எழுப்புதற்குரிய நிலத்தையும், இல்லத்துக்குரியவளையும் குறித்து நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். அலுவலகத் தமிழிலும் அது இன்றுவரை உயிரோடிருக்கிறது. வீட்டுமனை, மனைப்பிரிவு, மனை வரன்முறை என்று பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நாள்தோறும் கேட்கிறோம். ஆகவே, பழைய மருத்துவமனை ஒன்றைக் குடியிருப்பாக மாற்றிக்கொள்ளத் திட்ட அனுமதி வழங்குவது, மொழியளவில் சொல்லின் முன்பாதியைத் துடைத்தெடுக்கும் வேலையாகும். அவ்வாறு துடைக்கப்படுவது எது என்று நின்று பார்ப்பதற்குச் சொல்லோடு பழகுகிறவர்களைவிட உரியவர் வேறு யார்?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், டார்ட்ஃபோர்டு நகரை அடுத்த ஸ்டோன் என்னுமிடத்தில், லண்டன் நகர ஆட்சிமன்றம் 1866இல் மனநோயாளர் காப்பகம் ஒன்றைத் திறந்தது. அதனை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பன்ஸ்டன் பன்னிங். 1924இல் அது மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1948இல் அரசின் தேசிய நலவாழ்வுப் பணியின் கீழ் வந்தபின் ஸ்டோன் ஹவுஸ் மருத்துவமனை ஆயிற்று. 2007இல் கதவடைத்தது. இன்று அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன.

அந்தக் கட்டடத்தில் பதினைந்து ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர் ஐவர் கர்னி. க்ளாஸ்டர் நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகன், 1890இல் பிறந்தவர், கவிஞர், இசையமைப்பாளர். முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்டு 1917இல் குண்டடிபட்டார். அதே ஆண்டில் நச்சுப்புகைக்கும் ஆளானார். 1922இல் மனநோயாளர் என்று சான்றளிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டோனுக்குக் கொண்டுவரப்பட்டார். பிறகு உயிரோடு ஊர் திரும்பவில்லை. எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. கவிதைகளும், தம்மை விடுவிக்கக் கோரும் மன்றாட்டுக் கடிதங்களும் அந்த அறைகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. மேரியன் ஸ்காட் என்னும் தோழி அவற்றைத் தாள் தாளாகச் சேர்த்து வைத்திராவிட்டால் இன்று நமக்குக் கர்னியே இல்லை.

போரில் மாண்ட கவிஞர் எட்வர்டு தாமஸின் மனைவி ஹெலன் அவரைக் காணச் சென்றார். தம் கணவர் பயன்படுத்திய க்ளாஸ்டர் வட்டார நிலப்படத்தை ஒருமுறை எடுத்துச் சென்று படுக்கைமீது விரித்தார். இருவரும் அந்தப் படத்தில் விரலை ஓட்டி, தெரிந்த பாதைகளிலும் சிற்றூர்களிலும் நடந்து திரும்பினார்கள். பூட்டிய அறைக்குள் ஒருவர் தம் ஊருக்குப் போய்வந்த நிகழ்ச்சி இது. ஹெலனே எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. 1937 டிசம்பர் 26ஆம் நாள் கர்னி அங்கேயே இறந்தார். உயிரைக் கொண்டுபோனது மனநோய் அன்று, காசநோய். 1985இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் போர்க்காலக் கவிஞர்கள் பதினாறு பேருக்கு வைத்த நினைவுக்கல்லில் அவர் பெயரும் உண்டு.

இனி அனுமதியின் கதைக்கு வருவோம். அந்நாட்டில் 1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி, கட்டடத்தின் பயனை மாற்றுவதற்கே அனுமதி வேண்டும். செங்கல் ஒன்றைக்கூடத் தொடாவிட்டாலும், நோயாளி இருந்த இடத்தில் குடும்பம் வாழப்போகிறது என்றால் விண்ணப்பிக்க வேண்டும். கட்டடம் பழமைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்குமானால், அதன் தோற்றத்தையும் உள்ளமைப்பையும் மாற்றத் தனியாக மற்றோர் இசைவும் பெற வேண்டும். ஸ்டோன் ஹவுஸ் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம். ஆகையால் பன்னிங்கின் சுவர்கள் தப்பின. தப்பாதது பெயர். அக்குடியிருப்புக்கு இட்ட பெயர் 'தி ரெசிடென்ஸ்' என்பது. வெறும் வசிப்பிடம் என்பதற்குமேல் அச்சொல்லில் ஒன்றுமில்லை. லண்டனுக்கு வடக்கே 1851இல் திறந்த கோல்னி ஹாட்ச் காப்பகமும் இவ்வழியே சென்றது. அதன் பெயர் பைத்தியத்துக்கே மறுபெயராக மக்கள் வாயில் புழங்கிவிட்டதால் 1937இல் ஃப்ரையர்ன் என்று மாற்றினர். 1993இல் மூடப்பட்டுக் குடியிருப்பான பின் 'பிரின்சஸ் பார்க் மேனர்' ஆனது. இளவரசிக்கும் அந்த இடத்துக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடாது. விற்பனைக்கு வரும் வீடுகளுக்கு அரச குடும்பத்துப் பெயர் ராசி போலும்.

இதைச் சொல்வதால் அம்மாற்றத்தை நான் பழிக்கவில்லை. கூரை பெயர்ந்து புறாக்கள் அடையும் பாழ்மண்டபமாவதைவிடப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடாவது எவ்வளவோ மேல். ஆனால் சட்டம் எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பது கவனத்துக்குரியது.

நம் பக்கத்துக் கதை நேர் எதிரானது. அதற்குப் பாலமாக ஒரு தமிழ் மருத்துவர் இருக்கிறார். டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். நம் ஈரோட்டில் 1887இல் பிறந்த கணித மேதை இராமானுஜன் 1917இல் சில காலம் அங்கே நோயாளியாக இருந்தார். (அவருக்கு வந்தது காசநோயே அன்று, கல்லீரலைப் பற்றிய வேறு நோய் என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் உண்டு.) அதே சௌரிமுத்துதான் 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அதை அரசு ஏற்றது. இன்று அது நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்த வளாகத்தின் ஒரு பகுதியில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. மருத்துவத்துறை ஏடுகளில் 'சானடோரியம்' என்னும் சொல் வழக்கொழிந்துவிட்டது. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையிலோ அது தமிழெழுத்தில் நிலைத்து நிற்கிறது.

நமக்கு அணித்தான சான்று பெருந்துறை. இராமலிங்கம் காசநோய் மருத்துவமனை வளாகத்தில் 1992இல் சாலைப் போக்குவரத்து நிறுவனம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பின்னர் அது அரசுக் கல்லூரியாயிற்று. ஆயினும் அவ்விடம் ஊரார் பேச்சிலும் அஞ்சல் முகவரியிலும் சானடோரியம்தான். பஞ்சும் நூலும் தொழிலாக உள்ள நம் வட்டாரத்தில் நெஞ்சு நோய்க்கு ஒதுங்கிய இடம் அது. அச்சொல்லைத் துடைக்க எந்த விளம்பரத்தாலும் முடியவில்லை.

ஆக, அங்கே சுவர் நின்றது, பெயர் போயிற்று. இங்கே பெயரை மக்கள் நா காத்தது, சுவரைக் காக்கச் சட்டம் வெகுகாலம் முன்வரவில்லை. இத்தனைக்கும் நகரமைப்புக் கலை இங்கே காலூன்றியபோதே மருத்துவ மொழியில்தான் பேசியது. 1915இல் சென்னை மாகாண ஊர்களை ஆராய்ந்த பேட்ரிக் கெடிஸ், தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு எழுதிய குறிப்பில், நேர்கோட்டுச் சாலைக்காக வீடுகளை வாரி இடிப்பதை மறுத்து, உறுப்பைக் காக்கும் அறுவை என்னும் முறையை முன்வைத்தார். சிகிச்சைக்கு முன் நோயறிதல் என்பது அவர் கொள்கை. வள்ளுவரின் மருந்து அதிகாரத்தைப் படித்த நமக்கு இது புதிதன்று. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. மரபுக் கட்டடங்களுக்கென மாநில ஆணையம் அமைக்கும் சட்டம் 2012இல் நிறைவேறி, 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் எத்தனை முறை காணாமல் போகலாம் என்பதை உறுப்பினர்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

திருப்பூர்க்காரர்களுக்குப் பயன்மாற்றம் கற்றுத்தர வேண்டியதில்லை. முன்வாசலில் தறியோ தையல் இயந்திரமோ ஏறி வீடு பனியன் கம்பெனியானதும், பழைய கிடங்குகளில் தடுப்பு எழுப்பி லைன் வீடுகளாக்கி வாடகைக்கு விட்டதும் நாம் கண்ணெதிரே கண்டவை; அவற்றுள் அனுமதி கேட்டு நடந்தவை எத்தனை என்பது வேறு செய்தி. கேட்டு நடப்பவற்றிலும் புல எண், பரப்பு, தளப்பரப்புக் குறியீடு, உயரம், சாலையின் அகலம், வாகன நிறுத்தம் இவையே வினாக்கள். அங்கே யார் படுத்திருந்தார், அவ்விடத்தை ஊர் என்ன சொல்லி அழைத்தது, நோயாளர் பதிவேடுகள் எங்கே போகின்றன என்பவற்றுக்குப் பத்தி இல்லை. ஸ்டோன் ஹவுஸின் பழைய ஏடுகள் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நம் பக்கத்து மிஷன் மருத்துவமனைகள், நகராட்சி மருந்தகங்கள், ஆலைகளின் சிகிச்சை அறைகள் ஆகியவற்றின் ஏடுகளுக்கு அப்படி ஒரு முகவரியை யாரும் இன்னும் எழுதவில்லை.

நிலப் பயன்பாட்டை மாற்றக் கோரும்போது, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு நாளிதழில் அறிவிப்பு வெளியிடும் வழக்கம் உண்டு. சிறிய எழுத்தில், வரி விளம்பரங்களுக்கு அருகே வரும். மருத்துவமனை என்ற சொல் அதில் தென்படும்போது, நம் வட்டத்தின் பெயரில் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு ஒரு கடிதம் போகலாம். மாற்றத்தைத் தடுக்க வேண்டாம். பழைய பெயர் வாயிலில் இருக்கட்டும், பதிவேடுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளை அனுமதியோடு சேர்க்கக் கேட்டால் போதும்.