வாவிக்கரையிற் கதை கேட்ட மரபு

நூலைக் கண்ணாற் படிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் கதையைக் காதாற் கேட்டான். அச்சு வந்தபின் வாசிப்பு தனிமையிற் செய்யும் தொழிலாயிற்று. இன்றோ ஒலிநூல் என்னும் பெயரோடு கதை மீண்டும் செவியை நாடி வந்திருக்கிறது. மாயமும் மந்திரமும் நிறைந்த கதைகளையே பலர் விரும்பிக் கேட்கின்றனர். கேட்பவர், கதையைப் பற்றி மட்டுமன்றிக் கதை சொல்வோரின் குரலைப் பற்றியும் வாதிடுகின்றனர். ஒருவரே எல்லாப் பாத்திரங்களையும் பேசுதல் நன்றா, பலர் கூடிப் பேசுதல் நன்றா? சொல்வோர் நடிக்க வேண்டுமா, படித்தாற் போதுமா? இவ்வினாக்கள் புதியனபோலத் தோன்றினும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்ந்த மக்களுக்குப் புதியன அல்ல. அவர்கள் பல தலைமுறைகளாக அற்புதக் கதைகளைக் கேட்டவர்கள். சொல்வோரின் குரலை எடைபோடவும் அறிந்தவர்கள்.

இவ்வாறு கேட்கப்பட்ட கதைகளுள் முதன்மையானது கண்ணகி வழக்குரை. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் ஆண்டுச் சடங்கு நிகழும். செட்டிபாளையம், ஆரையம்பதி முதலிய ஊர்களிலும், 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் அமைந்தபோது அதனுட் சென்ற காரைதீவு, தம்பிலுவில் ஆகிய ஊர்களிலும் இக்கோயில்கள் புகழ் வாய்ந்தவை. கோயிற் கதவு திறத்தலோடு சடங்கு தொடங்கும், கலியாணக்கால் நடுவர், இறுதியிற் குளிர்த்தி பாடி அம்மனின் சினந் தணிப்பர். இச்சடங்கு நாள்களில் வழக்குரை காதை காதையாகப் படிக்கப்படும். உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய பின்னரே தமிழ்நாட்டுக் கற்றோர் பலர் அக்காப்பியத்தை முழுமையாக அறிந்தனர். அதற்கு நெடுங்காலம் முன்னரே எங்கள் உழவரும் மீனவரும் கண்ணகியின் கதையைக் கேட்டே அறிந்திருந்தனர்.

அவர்கள் கேட்ட கதை இளங்கோவடிகள் சொன்ன கதை அன்று. வழக்குரையிற் கண்ணகி மாங்கனியிலிருந்து தோன்றுகிறாள். பாண்டியன் குழந்தையைப் பேழையில் வைத்துக் கடலில் விடுகிறான். பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரிடம் சேர்கிறது. அவளுடைய சிலம்புக்கு வேண்டிய நாகமணியைக் கொண்டுவர மீகாமன் கப்பலோட்டிச் செல்கிறான். வழியில் வெடியரசனோடு கடற்போர் மூள்கிறது. மாங்கனிப் பிறப்பு சிங்கள மக்களின் பத்தினித் தெய்வக் கதைகளிலும் உண்டு. நாகமணியும், கடற்போரும், கனியிற் பிறந்த பெண்ணும் இடம்பெறும் இதனைவிடச் சிறந்த மாயக்கதையை எந்த நாட்டு ஒலிநூலிற் காண்போம்?

இனி, இக்கதை சொல்லப்படும் முறையை நோக்குவோம். பாண்டியனும் கண்ணகியும் மீகாமனும் பேசுவன யாவும் படிப்பவரின் குரலிலேயே வருகின்றன. அவர் பெண்ணுக்காகக் குரலை மெலிதாக்குவதில்லை, அரசனுக்காகக் கர்ச்சிப்பதில்லை. வேறுபாட்டை இசையும் நடையுமே காட்டும். கதையின் கதி மாறும்போது பாட்டின் ஓட்டமும் மாறும். உடுக்கின் ஒலி அதற்குத் துணை நிற்கும். மாங்கனியிற் பெண் பிறந்தாள் என்னும் செய்தியைப் படிப்பவர் வியந்து சொல்வதில்லை. நெல் விளைந்தது என்பதைச் சொல்வதுபோலவே சொல்கிறார். வியத்தல் கேட்போரின் உரிமை. சொல்பவர் அதனை முந்திக்கொண்டால் கேட்பவருக்கு எஞ்சுவது யாது? படிப்பவர் கதையை நம்புகிறார். ஆதலின் நடிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அற்புதக் கதை சொல்வோர் அனைவரும் கற்கத்தக்க பாடம் இதுவே என்பது என் துணிபு.

புராண படனத்தில் இன்னொரு நெறி உண்டு. ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். செய்யுளின் ஓசையைக் காத்தல் முன்னவர் கடமை. பொருளை எளிதாக்கல் பின்னவர் கடமை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இலங்கை முஸ்லிம்களிடையேயும் இருந்தது. இத்தகைய அவைகளில் எழுத்தறியாதவரும் நல்ல கேள்வியறிவு உடையவராயிருந்தனர். ஆண்டுதோறும் அதே கதையைக் கேட்டமையால், சொற் பிழைத்தாலும் சீர் தளர்ந்தாலும் அவர்களின் செவி உடனே உணரும். படிப்பவரைத் திருத்தும் ஆற்றல் கேட்போரிடமே இருந்தது. ஆகவே கதையைக் காத்தவர்கள் ஏட்டை வைத்திருந்தோர் மட்டுமல்லர். திண்ணையிலும் மணலிலும் அமர்ந்து கேட்டோருமாவர்.

ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த கண்ணகி வழக்குரையை வித்துவான் வி.சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் அச்சேற்றினார். மட்டக்களப்புத் தமிழகம் என்னும் அவருடைய நூல் 1964இல் வெளிவந்தது. இப்பெரும்பணியால் வழக்குரையின் சொற்கள் அழிவினின்றும் காக்கப்பெற்றன. ஆயினும் எந்த இடத்தில் மூச்செடுத்தல், எந்த அடியை மீட்டல், எங்கே குரலைத் தாழ்த்தல் என்பவற்றை அச்சுத்தாள் சொல்லுவதில்லை. அவை வாயிலிருந்து செவிக்கு மட்டுமே செல்லும் செல்வங்கள்.

குரலைப் பிடித்துவைக்கும் பொறியை எடிசன் 1877இற் கண்டார். 1935ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிற் பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவரத் தொடங்கின. முதலாம் உலகப் போரிற் பார்வை இழந்த வீரர்களை மனத்திற்கொண்டு எழுந்த முயற்சி அது. முதலில் வந்தவற்றுள் அகாதா கிறிஸ்டியின் நாவலொன்றும் யோசப் கொன்றாட்டின் கடற்கதையொன்றும் இருந்தன. எங்கள் நாட்டில் 1925 டிசம்பர் 16இற் கொழும்பிலிருந்து வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. பிற்காலத்திற் சானா என்னும் சண்முகநாதன் தமிழ் நாடகத் தயாரிப்பாளராக விளங்கி, ஈழத்து வானொலி நாடகத்தை வளர்த்தார். பல குரல்கள் சேர்ந்து காட்சியைச் செவியிற் கட்டும் கலையை எம்மவர் அங்கேயே பழகினர்.

நாடகத்துக்குப் பல குரல் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. கல்கியின் பொன்னியின் செல்வனைப் பம்பாய் கண்ணன் பல குரல்கொண்டு ஒலிநூலாக்கியபோது அது பலரைக் கவர்ந்தது. அந்நாவலில் உரையாடல் மிகுதி. ஆயின் மாயக்கதையின் இயல்பு வேறு. பூதம் பேசுகையில் எதிரொலியும், வாள் மோதுகையில் உலோக ஓசையும், நாகம் வருகையிற் சீறலும் சேர்த்தால், கேட்பவரின் கற்பனைக்கு இடமில்லாமற் போகிறது. ஒருவரின் நிதானமான குரலே அவ்விடத்தைத் திறந்துவைக்கும். இன்றைய ஒலிநூல்களிற் சிறந்த சொல்வோர் சிலரிடம் இந்நிதானத்தைக் கேட்கிறோம். வேறு சிலரோ ஒவ்வொரு வரியிலும் தம் திறமையைக் காட்ட முற்படுகின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மில்மன் பரி என்னும் அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவிற் கதைப்பாடகரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அவர் மாணவர் ஆல்பர்ட் லோர்ட் 1960இல் வெளியிட்ட நூலில், கேட்போரின் ஆர்வத்துக்கும் சலிப்புக்கும் ஏற்பப் பாடகன் கதையை நீட்டியும் குறுக்கியும் பாடுவதை விளக்கினார். எங்கள் வழக்குரை அத்தகைய உடன்பாட்டு அன்று. அதற்கு ஏடு உண்டு. எனினும் கேட்போர் இன்றிக் கதை நிறைவு பெறாது என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

அந்தக் கேட்போர் கூட்டமே எங்கள் காலத்திற் சிதறியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் ஊர்களை இடம்பெயர்த்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை காரைதீவிலும் கல்லடியிலும் நாவலடியிலும் உயிர்களை வாரிச் சென்றது. கோயில்கள் மீள எழுந்தன. வைகாசிச் சடங்கும் நடைபெறுகிறது. ஆயின் காதை முழுவதையும் இருந்து கேட்டுப் பிழை காணவல்ல செவிகள் அருகி வருகின்றன. கைத்தொலைபேசியிற் பாட்டைப் பதிவு செய்துவிட்டால் மரபு பிழைத்துவிடும் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். பதிவு செய்த குரல் அழியாமல் இருக்கலாம். ஆனால் அது சரியா பிழையா என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆதலின், நேயர்களே, இருபணிகளை நாம் மேற்கொள்ளல் நலம். வழக்குரையை ஒலிப்பதிவு செய்வோர், படிப்பவரோடு, ஊர் முதியவர்கள் அதுபற்றிக் கூறும் கருத்துகளையும் சேர்த்துப் பதிவு செய்க. எந்தக் காதைக்கு எந்த ஓசை, முன்னாளில் எவ்வாறு படித்தனர், இன்று எது மாறியது என்பன அவர்கள் வாயிலிருந்தே வரல் வேண்டும். அடுத்து, வாவிக்கரைப் பாடசாலைகள் அச்சிட்ட நூலைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, வைகாசிச் சடங்கின்போது ஒரு காதையையேனும் முழுமையாகக் கேட்கச் செய்க. கேட்டு வந்த பிள்ளை அதே காதையை வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். ஏனையோர் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டுப் பிழை சொல்லட்டும். வழக்குரையை அடுத்த தலைமுறையிற் படிக்கப்போகிறவரும், அவரைத் திருத்தப்போகிறவரும் அவ்வகுப்பிலிருந்தே வருதல் கூடும்.