ஸ்காபரோவை நாங்கள் தேடிப் போன கதை

1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோ வந்து இறங்கிய எங்கடை ஆக்களில் கனபேர் முதலில் இருந்தது நகர மத்தியிலுள்ள சென்.ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில்தான். ஒரு அறையில் நாலைந்து பெடியள். உணவகங்களில் கோப்பை கழுவுகிற வேலைக்கு நடந்தே போகலாம். அதுதான் பெரிய வசதி.

பிறகு மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன் வந்து சேர்ந்தார்கள். இரண்டு, மூன்று அறை உள்ள வீடு வேணும். கிழக்கே ஸ்காபரோவில் அப்படியான தொடர்மாடிகள் இருந்தன. நிலக்கீழ் ரயில் 1980இல் கெனடி வரை நீண்டது. 1985இல் அங்கிருந்து மக்கோவன் வரை இன்னொரு ரயில் ஓடத் தொடங்கியது. கார் இல்லாதவனும் வேலைக்குப் போய்வரலாம். ஆனால், வரைபடம் விரித்து இடம் பார்த்தவர்கள் குறைவு. "அண்ணை இருக்கிற பில்டிங்கிலை ஒரு வீடு காலியாம்" என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

தமிழர் ஒரே இடத்தில் ஒதுங்குகிறார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆங்கிலம் தெரியாத அம்மா தனியாகக் கடைக்குப் போய் மீனும் முருங்கைக்காயும் வாங்கி வந்தது அந்த ஒதுங்கலால்தான்.

பின்னர் சொந்த வீடு தேடி மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று பரந்தோம். வீடு பெரிதாகியது, கடையும் கோயிலும் தூரமாகின. ஸ்காபரோவில் தங்கியவர்களுக்கும் 2023 யூலையில் தடம்புரண்ட அந்த மக்கோவன் ரயில் திரும்ப ஓடவில்லை. பகல் முழுக்க யன்னலடியில் இருக்கிற முதியவர்களை இப்ப எத்தனை வீட்டில் காண்கிறோம்!

வீடு பார்க்கப் போகிற பிள்ளைகளே, அறைகளை எண்ணுங்கோ. பஸ் தரிப்பிடத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதையும் எண்ணுங்கோ. அம்மாவையே நடந்து பார்க்கச் சொல்லுங்கோ.