மினுங்குற தரையும் வழுக்குற தரையும்

தீபாவளிக்கு ரெண்டு கிழமை இருக்கும்போதே வத்தேகம டவுன் கடை வாசல்கள்ல வினைல் விரிப்புச் சுருள்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கிடும். மரப்பலகை மாதிரி ஒன்று, மாபிள் மாதிரி ஒன்று, பூப்போட்டது ஒன்று. அளவு சொல்லி வெட்டி வாங்கி, சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டு போவார்கள். சிமெந்துத் தரை ஒரே நாளில் 'ஹோல்' ஆகிவிடும். அடுத்த தீபாவளிக்குள் அந்த மினுக்கம் செத்துவிடும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம்: ஒருத்தர் தேங்காய் எண்ணெய், ஒருத்தர் மண்ணெண்ணெய், இன்னொருத்தர் சிவப்புப் பாலிஷ். மினுக்கம் என்னவோ திரும்பி வருது. கூடவே, ராத்திரி தண்ணி குடிக்க எழும்புற பாட்டி வழுக்கி விழுறதும் வருது.

பளபளப்பு வந்தால் வழுக்கத்தான் செய்யும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தரையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நம்ம மொழியிலிருந்தே தொடங்கலாம். 'மெழுகு' என்றால் தேன்கூட்டில் கிடைக்கிற பொருள். 'மெழுகுதல்' என்றால் சாணி கரைத்துத் தரையில் பூசுதல். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'திருமெழுக்குப்புறம்' என்று ஒரு சொல் வரும். கோயில் தரையை மெழுகுகிறவர்களுக்காக விடப்பட்ட நிலம் அது. தரையைப் பார்த்துக்கொள்வது கூலிக்குரிய ஒரு வேலை என்று அன்றைக்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை எங்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை என்பது வேற கதை. சாணி மெழுகிய தரை மினுங்காது. ஆனால் சாணியில் இருக்கிற நார் மண்ணைப் பிடித்து வைக்கும், புழுதி எழும்பாது, காய்ந்த பிறகு காலும் வழுக்காது.

மினுக்கம் இந்த மலைக்கு வந்தது பங்களாவோடு. 1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1880இல் கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மாத்தளைக்கு ரயில் ஓடியது. தேயிலை கீழே இறங்கியது. துரைமாருக்கான சாமான்கள் மேலே ஏறின. லண்டன் சிஸ்விக்கில் செய்த மேன்ஷன் பாலிஷ் போன்ற டப்பாக்கள் அந்த உலகத்துச் சாமான்கள்தான். பங்களாவின் சிவப்புச் சிமெந்துத் தரையில் பாலிஷைப் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து, மற்றக் காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்ப்பார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும். தேய்க்கிறவருக்கு முழங்கால் தெரியும். வேலை முடிந்து அவர் திரும்பிப் போவது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவுக்கு. அங்கே தரை மண்ணும் சாணியும்.

அந்த மட்டைக்குள் ஒரு அறிவு இருந்தது. பாலிஷ் டப்பாவில் இருப்பது மெழுகும் அதைக் கரைத்து வைத்திருக்கிற டர்பன்டைன் மாதிரியான எண்ணெயும். எண்ணெய் ஆவியாகப் போன பிறகு தரையில் மிஞ்சுற மெழுகு தடிப்பாக இருந்தால், காலின் கீழே அது நசிந்து நகரும். வழுக்கலே அதுதான். மட்டையின் நார் மேலதிக மெழுகை வழித்தெடுத்து, மெல்லிய, கெட்டியான ஒரு படலத்தை மட்டும் விட்டுவைக்கும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அது போதும்; நசிய அதில் ஒன்றும் இல்லை. அரைகுறையாகத் தேய்த்த பாலிஷ்தான் ஆளை விழுத்தும்.

அந்த உழைப்பை வேண்டாமென்று சொன்னது அமெரிக்கா. 1932இல் எஸ். சி. ஜோன்சன் கம்பனி 'குளோ-கோட்' என்ற திரவத்தைக் கொண்டுவந்தது. பூசிவிட்டுப் பேசாமல் இருந்தால் அதுவே மினுங்கும். அதற்குத் தேவையான கார்னோபா மெழுகு பிரேசிலில் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து வருவது, தேன்மெழுகைவிடக் கெட்டி. 1935இல் அந்தக் கம்பனித் தலைவரே விமானத்தில் பிரேசிலுக்குப் போய் அந்த மரங்களைத் தேடினார். அதே காலத்தில் வினைலும் வளர்ந்துகொண்டிருந்தது. 1926இல் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் விறைப்பான பிவிசியை வளைகிற பொருளாக்கினார். 1933 சிக்காகோ கண்காட்சியில் வினைல் தரையைக் காட்டினார்கள். உலகப் போருக்குப் பிறகு அது வீடுகளுக்குள் புகுந்தது.

தேய்க்காத மினுக்கம் பெருகப் பெருக, வழுக்கலை அளந்து பார்க்கவேண்டிய தேவையும் வந்தது. 1940களில் சிட்னி ஜேம்ஸ் என்பவர் அதற்கென்றே ஒரு இயந்திரம் செய்தார். பாலிஷ் பூசிய தரைக்கு 0.5 என்ற உராய்வு எண் அளவுகோலானது. பத்துக் கிலோ எடையைத் தரையில் நகர்த்த ஐந்து கிலோ அளவு இழுப்பாவது வேண்டும் என்பது அதன் பொருள். பாலிஷ் செய்கிறவர்கள் மிக நுண்ணிய சிலிக்காத் துகளைக் கலந்து பிடிமானத்தைக் கூட்டினார்கள். பிறகு மெழுகின் இடத்தை அக்ரிலிக் பிடித்தது. மினுக்கத்தைக் குறைக்காமலே வழுக்கலைக் குறைக்கலாம் என்பது அதோடு கைகண்ட விஷயமாகிவிட்டது.

சரி, நம்ம வீட்டு விரிப்புக்கு வருவோம். அதன் மேலே ஏற்கெனவே ஒரு தெளிவான பிளாஸ்டிக் படலம் இருக்கு. அது மங்குவது பெரும்பாலும் ரெண்டு காரணத்தால். ஒன்று, சரியாக அலசாமல் விட்ட சவர்க்காரம் காய்ந்து படிவது. மற்றது, செருப்போடு வருகிற மணல் கீறுவது. முதலாவதுக்குப் பாலிஷே தேவையில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரால் ரெண்டு தரம் அலசி, காய்ந்த துணியால் ஒத்தி எடுத்தாலே பாதி மினுக்கம் திரும்பிடும். அந்தச் சவர்க்காரப் படிவுதான் ஈரம் பட்டதும் வழுக்குவதும்.

அதுக்குப் பிறகும் மங்கலாக இருந்தால், வினைலுக்கென்று விற்கிற, தண்ணீரில் கலந்த அக்ரிலிக் பாலிஷ். மெல்லிசாக ஒரு தரம், நன்றாகக் காய விட்டு இன்னொரு தரம். இங்கே பலரும் அவசரப்படுவார்கள். ஒரேயடியாகத் தடிப்பாக ஊற்றினால், காய்வதற்கு முன்பே ஆள் நடந்து, பழைய அரைகுறை மெழுகுக் கதைதான். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் பூசி, காய்ந்ததும் ஈரக்காலால் மிதித்துப் பாருங்க. எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் காய்வதே இல்லை, அழுக்கையும் பிடித்து வைக்கும். மண்ணெண்ணெய் நெருப்புப் பிடிக்கிற சாமான். சிவப்புப் பாலிஷ் சிமெந்துக்கானது. அதன் எண்ணெய் வினைலை இளக்கும், சாயமும் ஏறிப் பிறகு போகாது. பழைய பாலிஷை உரிக்க அமோனியா கலந்த திரவம் எடுத்தால், ஜன்னலைத் திறந்து வையுங்க, பிளீச்சை மட்டும் அதோடு கலக்காதீங்க. நச்சு வாயு வரும், காம்பிராவோ சின்னது.

மணல் ஆழமாகக் கீறிய விரிப்பை எந்தப் போத்தலும் பழையபடி ஆக்காது. அதைத் தடுக்க இஸ்தோப்பில் கால் துடைக்க ஒன்று போட வேண்டும். றப்பர் மிதியடி வினைலில் மஞ்சள் கறை விடும். வீட்டில் கிடக்கிற பழைய சணல் சாக்கு போதும், ஈரமானால் வெயிலில் போட்டு எடுக்கலாம்.