குடும்பக் கணக்கில் மறைந்திருந்த மரபணு



எங்கள் பெரியம்மா ஒருவர் நாற்பது வயதாகுமுன் இறந்துபோனார். என்ன நோய் என்று சிறுவர்களான நாங்கள் கேட்டபோது, "அவவுக்கு வருத்தம்" என்பதோடு கதை முடிந்தது. அது மார்புப் புற்றுநோய் என்று எனக்குத் தெரியவர முப்பது வருடங்கள் ஆயின. குமர்ப்பிள்ளைகள் இருந்த வீடு. வெளியில் தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்று பயந்தார்கள்.

அப்படி மூடி வைக்கப்படும் குடும்பக் கதைகளே இந்த நோயின் ஒரு பெரிய மர்மத்தைத் திறந்தன என்பதுதான் இம்மாத உரையின் விடயம்.

1974இல் கலிபோர்னியாவில் மேரி-கிளேயர் கிங் என்ற விஞ்ஞானி ஒரு கேள்வியோடு ஆய்வைத் தொடங்கினார். சில குடும்பங்களில் தாய், மகள், சகோதரி என்று இந்நோய் தொடர்கிறதே, அதற்கு ஒரு தனி மரபணு காரணமாகலாமா? பலர் நம்பவில்லை. அவர் விடவில்லை. யாருக்கு, எந்த வயதில் நோய் வந்தது என்று குடும்பம் குடும்பமாகக் குறித்தார். 1990இல் அவரிடம் 23 குடும்பங்கள், 146 நோயாளரின் விபரங்கள் இருந்தன. இளவயதில் நோய் கண்ட குடும்பங்களை முதலில் வைத்துப் பார்த்தபோது விடை தெரிந்தது: அந்த மரபணு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. 1994இல் யூட்டாவில் மார்க் ஸ்கோல்னிக் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே பீஆர்சீஏ1. 13ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பீஆர்சீஏ2 அடுத்த வருடம் கண்டறியப்பட்டது.

இவை நோயைத் தருவதற்கென்று உள்ள மரபணுக்கள் அல்ல. கணக்காளனான எனக்கு இவை கணக்காய்வாளர் போலத் தெரிகின்றன. கலத்தின் டி.என்.ஏ. முறியும்போது அதைத் திருத்த உதவி, கட்டி வளராமல் காப்பது இவற்றின் வேலை. பழுதான பிரதியோடு பிறந்த பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வரலாம். சூலகப் புற்றுநோய் ஆபத்தும் கூடும்.

நம்மவர் பலர் தாய்வழியை மட்டுமே பார்க்கிறார்கள். அது தவறு. பழுது தந்தையிடமிருந்தும் வரும். மகனாயினும் மகளாயினும் பிள்ளைக்கு அது கிடைக்கும் வாய்ப்புச் சரிபாதி. அத்தைமாரின் கதையும் கணக்கில் சேரவேண்டும்.

மார்புப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. ஆகவே எல்லோருக்கும் பரிசோதனை தேவையில்லை. ஆனால் இளவயதில் யாராவது நோயுற்ற குடும்பமென்றால், அதைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்குமுன் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பெரியம்மாவின் பேத்திமாருக்கு நான் இந்த மாதம்தான் சொன்னேன்.