ஸ்வாசியா, ஸ்வாத்தியா?

2018 ஏப்ரலில் மன்னர் மூன்றாம் முஸ்வாத்தி, தம் நாடு இனி ஸ்வாசிலாந்து அன்று, எஸ்வாத்தினி என அறிவித்தார். வெளிநாடுகளில் தம் நாட்டைச் சுவிட்சர்லாந்து என்று மயங்குகின்றனர் என அவர் கூறிய காரணமே செய்தித்தாள்களுக்குச் சுவையாயிற்று. அதனினும் சுவையானது, அப்பெயருக்குள் மாறிய ஒற்றை மெய்.

1840இல் அரியணை ஏறிய இரண்டாம் முஸ்வாத்தியின் பெயரை அண்டை ஸூலு மக்கள் தம் நாவுக்கேற்ப 'முஸ்வாஸி' என்றனர். ஐரோப்பியர் அவ்வடிவத்தையே எழுதிக்கொண்டனர். ஸூலுவின் அதிர்வுடைய ஸகரம் ஸ்வாத்தி மொழியில் தகரமாக நிற்பது ஒழுங்கான ஒலித்தொடர்பு. மாடுகள் ஸூலுவில் 'இஸின்கோமோ', ஸ்வாத்தியில் 'தின்கோமோ'.

ஆக, இப்பெயருக்கு இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் இவர்கள், 18ஆம் நூற்றாண்டு மன்னர் மூன்றாம் இங்வானேயின் பெயரால் அறியப்பட்டனர். இன்றைய மொசாம்பிக்கின் மபூட்டோ விரிகுடாப் பகுதியிலிருந்து தெற்கே நகர்ந்ததாகத் த்லாமினி அரசகுல மரபு கூறும். பின்னர் பொங்கோலா ஆற்றங்கரை நிலத்துக்காக என்ட்வாண்ட்வே அரசன் ஸ்விடேயுடன் மூண்ட பகையில் முதலாம் சொபூசா வடக்கே பின்வாங்கினார். பகைவன் மகள் தாண்டிலேயையே மணந்தார். அவள் பெற்ற மகன்தான் முஸ்வாத்தி!

வடக்கே வந்த நிலம் வெற்றிடமன்று. அங்கே நுகுனி, சோத்தோ வழியினர் முன்னரே வாழ்ந்தனர். சில குலங்கள் தம் தலைவர்களோடு அடங்கின, எதிர்த்தவை ஒடுக்கப்பட்டன. அவர்களை 'எமகன்ட்ஸம்பிலி', அதாவது 'முன்னரே இருக்கக் காணப்பட்டோர்' என்பது மரபு. த்லாமினிகளுடன் வந்தோர் 'பெம்ட்ஸாபு'. பின்னர்ப் புகலிடம் தேடி வந்தோர் 'எமஃபிகமூவா'. ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் எனும் பாவனைக்கு இச்சொற்கள் இடம் தருவதில்லை. யார் முந்தி, யார் பிந்தி என்பது பெயரிலேயே பதிந்துள்ளது. 'தோற்றம்' என்று ஒற்றைப் புலப்பெயர்வை மட்டும் எழுதும் நூல்கள் இவ்விடத்தில்தான் சறுக்குகின்றன.

பின்னாளில் அந்நிலமும் கைநழுவியது. மன்னர் முபாண்ட்ஸேனி காலத்தில் வெள்ளையர் பெற்ற சலுகைப் பத்திரங்களைக் காட்டி, 1907இல் பிரித்தானிய ஆட்சி நாட்டின் மூன்றில் ஒரு பங்களவை மட்டுமே அம்மக்களுக்கு ஒதுக்கியது. ஆட்சிப் பொறுப்பிலிருந்த அரசி லபொட்ஸிபேனி, இளைஞரைச் சுரங்க வேலைக்கு அனுப்பி, அவர்தம் கூலியால் நிலத்தை மீட்க முனைந்தார். அவர் பேரன் இரண்டாம் சொபூசா இலண்டன் வரை சென்று முறையிட்டார்; 1926இல் பிரிவி கவுன்சிலில் வழக்குத் தோற்றது.

1968 செப்டம்பர் 6இல் நாடு விடுதலை பெற்றது. அதுவரை பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட ஆப்பிரிக்க மொழி ஸூலுவே. வீட்டில் 'தின்கோமோ' என்ற பிள்ளை, பள்ளிப் பலகையில் 'இஸின்கோமோ' என்றே எழுத வேண்டியிருந்தது.