வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகள்: தென்சென்னைப் புறநகரில் காப்பும் மேலாண்மையும்

நேரில் கண்டதையும் வாழ்ந்து பட்டதையும் ஒருவர் சொல்லச் சொல்ல, அவர் குரலிலேயே பதிந்து வைப்பது வாய்மொழி வரலாற்றுப் பதிவு. 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் காசநோய் சானடோரியம், 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 2000 முதல் நகரக் குடிசைவாசிகள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகர் ஆகியவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி கோப்புகளில் ஏறாதது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நோயாளிகள், விடுதிச் சமையல்காரர்கள், வீடு இழந்தவர்கள்.

பதிவைக் காப்பது கருவி சார்ந்த வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது எளிய பாதி. கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், ஓட்டும் கருவி கிடைக்காது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒலி ஆவணக் காப்பகங்கள் பரவலாகப் பின்பற்றும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு சுமார் 2 ஜிபிதான். ஆயிரம் மணி நேரத்தைக் கடையில் வாங்கும் ஒரே ஹார்டு டிஸ்கில் அடக்கிவிடலாம். அந்த டிஸ்கின் நகலை வேறு ஊரில் வைக்க வேண்டும், அவ்வளவே. 2015 டிசம்பரில் முடிச்சூரும் 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடினமான பாதி விவரக்குறிப்பும் ஒப்புதலும். இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பேக் 1938இல் தமிழ்நாட்டிலும் கேரளம், கர்நாடகத்திலும் பதிந்தவற்றைக் கொண்டு, அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அதே இடங்களுக்குப் போய் மாற்றங்களை ஆராய்ந்தார்கள். எந்த ஊர், யார் பாடியது என்ற தகவல் இல்லாத ஒலிநாடாவை வைத்துக்கொண்டு யாரைத் தேடிப் போவது? எழுத்துப்படி இருந்தால் போதும், குரல் எதற்கு என்பவர்களும் உண்டு. வாய்மொழி வரலாற்றில் முன்னோடியான கொலம்பியா பல்கலைக்கழகமே தொடக்க ஆண்டுகளில் எழுதி முடித்த நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. ‘வந்துக்கினு’ என்று பேசியவரைத் தட்டச்சர் ‘வந்துகொண்டு’ என்று திருத்திவிட்டால், அவர் எந்தப் பேட்டையில் வளர்ந்தவர் என்ற தடயமும் போய்விடும்.

எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து வைத்தால் என்ன என்பது இதைவிட வலுவான கேள்வி. பூட்டிய பதிவால் யாருக்கும் பயனில்லைதான். ஆனால் சானடோரியம் எச்ஐவி சிகிச்சைக்கும் பேர்போன இடம். ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதற்காக ‘சாகும்வரை ரகசியம்’ என்று காப்பகம் வாய்க்கு வந்தபடி வாக்களிக்கவும் கூடாது: வட அயர்லாந்துப் போராளிகளுக்கு பாஸ்டன் கல்லூரியின் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் அப்படி உறுதியளித்தது, 2011இல் பிரிட்டிஷ் காவல்துறை கேட்க, அமெரிக்க நீதிமன்றங்கள் சில பதிவுகளை ஒப்படைக்க வைத்தன. ஆகவே ஒப்புதல் படிவத்தில் யார் கேட்கலாம், எந்த ஆண்டு முதல், பெயரோடா பெயரில்லாமலா, பேசியவர் இறந்தபின் முடிவு யாருடையது, நீதிமன்றம் கேட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தமிழில், படித்துக் காட்டக்கூடிய நடையில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் எண் ஒலிக்கோப்பின் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.