வாற்சிறகின் வரலாறு

ஆகாய விமானத்தைக் காண்போர் அதன் இறக்கைகளையும் எந்திரத்தையும் வியந்து நோக்குவர். வாலை நோக்குவார் சிலரே. ஆயினும் விமானம் தன் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும், வழி பிசகாது செல்வதும் வாலின் துணைகொண்டே நிகழ்கின்றன. கிடைச்சிறகின் பின்விளிம்பிலே கீல்களினால் இணைக்கப்பட்டு மேலும் கீழும் அசைவது உயர்த்தி. நிமிர்ந்த சிறகின் பின்னே இடமும் வலமும் அசைவது சுக்கான்.

1903 டிசம்பர் 17இல் றைட் சகோதரர் பறக்கவிட்ட விமானத்தில் சுக்கான் பின்னேயும் உயர்த்தி முன்னேயும் அமைந்திருந்தன. அன்று நான்காம் முறையாக 59 விநாடிகளில் 852 அடி தூரம் பறந்து தரையைத் தொட்டபோது, உயர்த்தியைத் தாங்கிய சட்டம் முறிந்தது. அதனைச் செப்பனிடலாம் என்று அவர்கள் எண்ணியிருந்த வேளையில், தரையில் நின்ற விமானத்தையே பெருங்காற்றொன்று புரட்டி நொறுக்கிவிட்டது. விமானம் வானிலன்றித் தரையிலும் காக்கப்படவேண்டியது என்பதை முதல் நாளே காற்றுக் காட்டிற்று எனலாம்.

அக்காலத்து வாற்சிறகுகள் மரச் சட்டத்தின் மீது துணி போர்த்தவை. லினன் துணியை இழுத்துத் தைத்து, ‘டோப்’ எனும் பூச்சைத் தடவுவர். பூச்சு உலர உலரத் துணி சுருங்கி மத்தளத் தோல்போல் விறைப்பாகும். துணி நெளிவதில்லை, கிழியும். கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். அதனைத் தைத்து, மேலே துண்டுத்துணி ஒட்டிப் பூச்சிட்டால் வேலை முடிந்தது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு தாக்கப்பட்டபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்களின் பிற்பகுதியும் துணி போர்த்ததே. குண்டு துளைத்த துணியை விமானத் தளத்திலேயே விரைவில் ஒட்டிவிட முடிந்தமை அவ்விமானத்தின் பெருஞ் சிறப்புகளுள் ஒன்று.

உலோகம் வேறு வழியாக வந்தது. ஜேர்மனியரான அல்பிரட் வில்ம் என்பார் அலுமினியத்துடன் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் சேர்த்துக் கண்ட துராலுமின் இலேசானது, உறுதியானது. 1919இல் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13 விமானத்தின் உடலும் சிறகுகளும் அத்தகைய தகட்டால் ஆனவை. இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1955இல் முதன்முறை பறந்த செஸ்னா 172 போன்ற சிறு விமானங்கள் முழுதும் உலோகமாயின. வெயிலில் நைந்துபோகும் துணியின் தொல்லை தீர்ந்தது. நெளிவு என்னும் புதுத் தொல்லை பிறந்தது. வாற்சிறகின் தகடு அரை மில்லிமீற்றர் அளவே தடித்தது. சிலவற்றில் அதனினும் மெல்லியது. சில்லு எற்றும் கல், ஆலங்கட்டி மழை, கொட்டகைக் கதவு, விமானத்தைத் தள்ளுவோரின் கை ஆகிய யாவும் அதில் தடம் பதித்துவிடும்.

சிறு நெளிவுதானே, பசையிட்டு நிரப்பி வர்ணம் பூசினால் என்ன என்று கேட்கத் தோன்றும். மோட்டார் வண்டிக்கு அது பொருந்தும். விமானத்துக்கு ஏன் பொருந்தாது என்பதை அறிய 1916ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டில் ஹென்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானமொன்றின் வால் பறக்கையில் கடுமையாக நடுங்கிற்று. ஆராய்ந்த லான்செஸ்டர் என்னும் பொறியியலாளர், இரு பக்கத்து உயர்த்திகளும் ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைக்கப்படாமல் எதிரெதிராக அசைவதைக் கண்டு, அவற்றை விறைப்பான குழாயொன்றினால் இணைக்கும்படி கூறினார். சில ஆண்டுகளின் பின் ஒல்லாந்தில் பவும்ஹவர், கோனிங் என்னும் இருவர், அசையும் சிறகின் நிறை கீலுக்குப் பின்னே மிகுந்திருப்பதே இத்தகைய நடுக்கத்துக்குக் காரணமாகலாம் என்றும், கீலுக்கு முன்னே எதிர்நிறை வைத்தால் அதனை அடக்கலாம் என்றும் காட்டினர். இந்நடுக்கம் தொடங்கினால் சில விநாடிகளிலேயே சிறகு பிய்ந்துபோகக்கூடும். நெளிவை மறைக்க உயர்த்தியின் பின்பகுதியில் அப்பிய பசை, அவ்வெதிர்நிறையின் பயனைக் கெடுக்கும் சுமையாகிறது. அழகுக்காகச் செய்த வேலை உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஆகவேதான் வருமுன் காக்கும் முறைகள் பெருகின. நிறுத்திய விமானத்தின் வாலைக் கயிற்றால் தரையோடு பிணைப்பர். உயர்த்தியும் சுக்கானும் காற்றில் அடிபடாதவாறு பூட்டிடுவர். சிறகின் முன்விளிம்பில் கல் படாதபடி ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டி ஒட்டுவாரும் உளர். “இங்கே தள்ளாதே” என்று சிறகிலேயே எழுதி வைப்பதும் உண்டு.

இவற்றையும் மீறி நெளிவு நேர்ந்தால், முதலில் வெடிப்பு உண்டா, உள்ளே விலாச்சட்டம் வளைந்ததா என்று பார்ப்பர். நெளிந்த தகடு நீண்டுவிட்டமையால், தட்டி நிமிர்த்தினாலும் பழைய நிலையை அடைவது அரிது. விமானத்தை ஆக்கியோர் இடந்தரின் பழுதை வெட்டி நீக்கி ஒட்டுத்தகடு வைத்துத் தறையாணி அறைவர். அன்றேல் தகட்டையே மாற்றுவர். வர்ணம் உலர்ந்தபின் உயர்த்தியைக் கீற்கோட்டில் தாங்கவைத்து, அதன் சமநிலை குறித்த எல்லைக்குள் உள்ளதா என்று அளந்த பின்னரே மீண்டும் வாலிற் பூட்டுவர்.